மாணவன் எண்டால் இருட்டில் இருப்பவனா?

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகப் பட்டம் பெற்றவர்கள்தான் கல்வியைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஊரில் உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். இங்கே தொழிற்சாலையில் ஒரு கிழமை பகல் வேலை, மறு கிழமை இரவு வேலை. "பிள்ளையளின்ரை படிப்பைப் பற்றி நீரும் கொஞ்சம் கதையும் தம்பி" என்று செயலாளர் அண்ணை கேட்டபோது, பெரிய விசயங்களை விட்டுவிட்டு ஒரேயொரு சொல்லைப் பற்றிக் கதைப்போம் என்று நினைத்தேன். அது இலத்தீன் சொல். 'அலும்னுஸ்' என்பது அது. மாணவன் என்று பொருள்.

இலத்தீன் எங்களுக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளில் சிலர் கிம்னாசியத்தில் அதைப் படிக்கிறார்கள். அண்ணாவின் மகள் அதில் ஒருத்தி. அவளுடைய புத்தகத்தைப் புரட்டியதில் தொடங்கி, பிறகு நூலகத்திலும் தேடி வாசித்தேன். வாசித்ததில் பாதி எங்களுடைய வீடுகளைப் பற்றி எழுதின மாதிரித்தான் எனக்குப் பட்டது.

என்னோடு ஒரே இயந்திரத்தில் வேலை செய்கிற போர்த்துக்கேயர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். அவருடைய மொழியில் மாணவனுக்கு 'அலூனோ' என்று பெயர். இந்த அலும்னுஸ்தான் அங்கே அப்படித் திரிந்திருக்கிறது. அவர் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னார்: "அலூனோ எண்டால் ஒளி இல்லாதவன் எண்டு அர்த்தம். 'அ' எண்டால் இல்லை. 'லூமென்' எண்டால் ஒளி. வாத்தியார்தான் ஒளியைக் குடுக்கிறவர்." அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அவருடைய ஆசிரியர். போர்த்துக்கேய மொழி பேசும் நாடுகளில், குறிப்பாகப் பிரேசிலில், இந்த விளக்கம் மிகவும் பரவலானது. சிலர் இதனாலேயே அந்தச் சொல்லைப் பாவிக்கக் கூடாது, அது பிள்ளையை அவமதிக்கிறது என்றுகூடச் சொல்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பிழையான விளக்கம். எப்படிப் பிழை என்று சொல்கிறேன்.

சொல்லுக்கு முன்னால் 'அ' போட்டு இல்லை என்று சொல்வது கிரேக்க மொழியின் வழக்கம். இலத்தீன் அதற்கு 'இன்' என்றுதான் போடும். இலத்தீனில் 'ஆ' அல்லது 'ஆப்' என்று முன்னால் வந்தால் அதற்கு 'ஒன்றிலிருந்து' என்று பொருள்; இல்லை என்று பொருள் வராது. அடுத்தது, அலும்னுஸில் உள்ள 'ல்' என்ற எழுத்து பின்பாதிக்குச் சொந்தமானதல்ல, முன்பாதிக்குச் சொந்தமானது. 'அல்' என்று பிரிக்க வேண்டியதை 'அ' என்று பிரித்ததால் வந்த குழப்பம் இது.

எங்களிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. 'கு' என்றால் இருள், 'ரு' என்றால் நீக்குபவர், ஆகவே குரு என்றால் இருளை நீக்குபவர் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பழைய சமய நூல்களிலேயே வருகிற விளக்கம்தான். ஆனால் சமஸ்கிருதத்தில் குரு என்ற சொல்லின் மூலப்பொருள் கனமானது, பாரமானது என்பதுதான். கனத்துக்கு இலத்தீனில் சொல்லும் 'கிராவிஸ்' என்பதும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆக, ஆசிரியரை விளக்காகவும் மாணவனை இருட்டாகவும் பார்க்கிற ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. அந்த ஆசைதான் சொற்களை வெட்டி ஒட்டுகிறது.

சரி, அலும்னுஸின் உண்மையான பொருள் என்ன? 'அலெரே' என்று ஒரு இலத்தீன் வினைச்சொல். ஊட்டுவது, உணவு கொடுத்து வளர்ப்பது என்று பொருள். அதிலிருந்து வந்ததுதான் அலும்னுஸ். ஊட்டி வளர்க்கப்படுகிறவன், வளர்ப்புப் பிள்ளை. பெண்பிள்ளை என்றால் 'அலும்னா'. அதன் கடைசியில் உள்ள 'ம்னுஸ்' என்ற விகுதி மிகப் பழையது. இலத்தீனில் அது சில சொற்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதில் ஒன்று பெண்ணைக் குறிக்கும் 'ஃபெமினா' என்ற சொல். அதற்கு மூலப்பொருள் பாலூட்டுகிறவள். பாருங்கோ, பாலூட்டுகிறவள் ஒரு சொல், ஊட்டப்படுகிறவன் ஒரு சொல். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

இந்த 'அல்' என்ற வேர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டொச்சில் பிள்ளைச் செலவுப் பணத்துக்கு 'அலிமென்டே' என்று சொல்கிறோமே, அது இந்த வேர்தான். ஆங்கிலத்தில் 'அடோலசென்ட்', 'அடல்ட்' என்று சொல்வதும் இதே குடும்பம். முதலாவது வளர்ந்துகொண்டிருப்பவன். இரண்டாவது வளர்ந்து முடிந்தவன். இன்னும் ஒன்று. டொச்சில் வயது போனதற்கு 'அல்ட்' என்று சொல்கிறோம். அதற்கும் இதே பழைய வேர்தான். வளர்ந்தது என்று முதற்பொருள். அதிலிருந்துதான் பெற்றோரைக் குறிக்கும் 'எல்ற்றன்' என்ற சொல் வந்தது. கூட வளர்ந்தவர்கள், மூத்தவர்கள். பாடசாலைக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடுகிற கடிதத்தில் இருக்கிற அந்தச் சொல்லும், மாணவன் என்கிற இலத்தீன் சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

இனி அந்தச் சொல் வாழ்ந்த ஊருக்குப் போவோம்.

பழைய ரோமில் பிறந்த குழந்தையை வளர்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை தகப்பனுக்கு இருந்தது. வறுமையாலோ வேறு காரணத்தாலோ பல குழந்தைகள் வெளியில் விடப்பட்டன. அவர்களை யாராவது எடுத்து வளர்த்தால் அந்தப் பிள்ளை அலும்னுஸ். ரோமாபுரியின் பிறப்புக் கதையே அப்படிப்பட்டதுதான். ரோமுலுஸ், ரேமுஸ் என்ற இரட்டையர்கள் ஆற்றில் விடப்பட்டார்கள். ஓநாய் பால் கொடுத்தது. ஃபவுஸ்துலுஸ் என்ற இடையனும் அவன் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள். உலகத்தை ஆண்ட நகரம், தன்னை நிறுவியவனை ஒரு வளர்ப்புப் பிள்ளை என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டது.

ரோமர்களின் கல்லறைக் கற்களில் இந்தச் சொல்லை நிறையக் காணலாம். வளர்த்தவர் பிள்ளைக்கு வைத்த கல், வளர்ந்த பிள்ளை வளர்த்தவருக்கு வைத்த கல் என்று இரண்டு வகையும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அன்பு என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்து வளர்த்தவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளை அடிமைகளாக வைத்திருந்தார்கள். சோறு போட்டேன், ஆகவே நீ எனக்குச் சொந்தம் என்ற கணக்கு.

இதைப் பற்றி ஒரு கடிதம் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 111 ஆம் ஆண்டு. பிளினி என்பவர் இன்றைய துருக்கியின் வடக்கில் இருந்த பித்தினியா மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தார். அங்கே இப்படி வளர்ந்த பிள்ளைகளைக் கிரேக்கத்தில் 'த்ரெப்டோய்' என்று சொன்னார்கள். அதற்கும் ஊட்டப்பட்டவர்கள் என்றுதான் பொருள். சுதந்திரமான பெற்றோருக்குப் பிறந்து, வெளியில் விடப்பட்டு, பிறகு அடிமைகளாக வளர்க்கப்பட்டவர்களை என்ன செய்வது என்று பிளினி பேரரசன் ட்ராஜனிடம் எழுதிக் கேட்டார். ட்ராஜன் பதில் எழுதினான். அவர்கள் தாங்கள் சுதந்திரமானவர்கள் என்று கேட்டால் அதை மறுக்கக் கூடாது. அத்தோடு, தங்களை வளர்த்த சாப்பாட்டுச் செலவைத் திருப்பிக் கட்டித்தான் அந்தச் சுதந்திரத்தை வாங்க வேண்டும் என்றும் சொல்லக் கூடாது. இதுதான் பதில்.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

இதே ட்ராஜன் காலத்தில், அதாவது கி.பி. 98 முதல் 117 வரையில், இத்தாலியில் 'அலிமெந்தா' என்ற பிள்ளை உணவுத் திட்டம் பெரிதாக நடந்தது. அரசு நிலச் சொந்தக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும். அவர்கள் கட்டும் வட்டியில் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம். வெலேயா என்ற ஊரின் கணக்கை எழுதிய பெரிய வெண்கலத் தகடு 1747 இல் நிலத்துக்குள்ளிருந்து கிடைத்தது. இன்று அது பார்மா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்படி ஆண்பிள்ளைக்கு மாதம் 16 செஸ்டெர்ஸ், பெண்பிள்ளைக்கு 12. இவை முறைப்படி மணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு. அதில் பெரிய பட்டியலில் இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகள் 245 பேர், பெண்பிள்ளைகள் 34 பேர்தான். அன்றைக்கே பெண்பிள்ளையின் தட்டில் குறைவாகத்தான் போட்டிருக்கிறார்கள். தாய்மார் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு விளங்கும்.

மாணவனுக்கு இலத்தீனில் இருந்து வந்த இன்னொரு சொல்லையும் சொல்லவேணும். ஆங்கிலத்தில் 'பியூப்பில்' என்கிறோம். அது 'பூப்பில்லுஸ்' என்ற இலத்தீன் சொல். ரோமச் சட்டத்தில் அதற்குத் தகப்பனை இழந்த சிறுபிள்ளை என்று பொருள். ஆண்பிள்ளைக்கு 14 வயது, பெண்பிள்ளைக்கு 12 வயது வரும் வரை ஒரு காவலர் பொறுப்பில் இருக்க வேண்டும். அந்தக் காவலருக்குப் பெயர் 'டூடோர்'. நாங்கள் ரியூசனுக்கு வரச்சொல்லிக் காசு கொடுக்கிறோமே, அந்த ரியூட்டர்தான். அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் பாடம் சொல்லிக் கொடுப்பவர் அல்ல. பார்த்துக் காப்பவர். எங்கள் சனத்தில் தனியாக இங்கே வந்து சேர்ந்த சின்னப் பெடியளுக்கு அரசாங்கம் ஒரு 'போர்முன்ட்' வைத்ததே, சரியாக அந்தப் பொறுப்புத்தான் டூடோர்.

இதன் பெண்பால் 'பூப்பில்லா'. சின்னப் பொம்மை, சின்னப் பெண், அத்தோடு கண்ணின் நடுவில் உள்ள கருமணி என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. ஒருவருடைய கண்ணுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் உங்கள் உருவம் அதில் ஒரு சின்னப் பொம்மை மாதிரித் தெரியும், அதனால் வந்த பெயர். தமிழில் நாங்கள் என்ன சொல்கிறோம்? பாவை. பொம்மையும் பாவை, பெண்ணும் பாவை, கண்ணின் மணியும் பாவை. இரண்டு மொழிக்கும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லாமலே ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. பிள்ளையின் கண்ணுக்குள்ளே பார்க்கும் அளவுக்குக் கிட்டப் போனவர்கள்தான் இரண்டு சொல்லையும் உண்டாக்கியிருக்க வேணும்.

வளர்ப்புப் பிள்ளை எப்படி மாணவன் ஆனான்? ஒரு ஆசிரியரிடம் வளர்ந்தவன் என்ற பொருளில் ரோமர் காலத்திலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. ஊட்டுகிற தாய் என்று பொருள்படும் 'அல்மா மாட்டெர்' முதலில் தெய்வங்களுக்குச் சொன்ன அடைமொழி. பிறகு பல்கலைக்கழகத்துக்கு ஆனது. இத்தாலியில் பொலோஞா பல்கலைக்கழகம் 1088 இல் தொடங்கியதாகக் கொள்கிறார்கள். அதன் பெயரிலேயே இன்றும் அல்மா மாட்டெர் இருக்கிறது. இங்கே ஜேர்மனியில் லைப்சிக் நகரத்தில் 1212 இல் தொடங்கிய தோமஸ் ஆலயப் பையன்களின் பாடகர் குழு இருக்கிறது. பாஹ் என்ற பெரிய இசையமைப்பாளர் 1723 முதல் 1750 வரை அங்கேதான் பொறுப்பாக இருந்தார். அந்தப் பையன்கள் தங்கி உண்டு படிக்கும் விடுதிக்கு 'அலும்னாட்' என்று பெயர். சாப்பாடும் படிப்பும் ஒரே கூரைக்குள். பிரான்சில் இருக்கிற எங்கள் சொந்தங்களைக் கேளுங்கள். அங்கே மாணவனுக்கு 'எலேவ்' என்பார்கள். அதுவும் வளர்க்கப்படுகிறவன்தான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம்.

ஒளி இல்லாதவன் என்று நினைத்தால் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். கொடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும், வாங்குகிறவன் சும்மா இருட்டு. ஊட்டப்படுகிறவன் என்று நினைத்தால் கணக்கு வேறு. ஊட்டுவதற்கு முதல் அந்தப் பிள்ளை உயிரோடு, பசியோடு இருக்க வேணும். வாய்க்குள் வைக்கலாம். ஆனால் விழுங்குவதும் செரிப்பதும் வளர்வதும் பிள்ளையின் வேலை. அதை எந்த அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்காகச் செய்து கொடுக்க ஏலாது. பசிக்கு மேலே திணித்தால் பிள்ளை சத்தி எடுக்கும்.

நாங்கள் என்ன செய்கிறோம்? இந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளையை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்ற தீர்மானம் வந்துவிடும். பத்து வயது. கிம்னாசியம் கிடைக்காவிட்டால் வீடு செத்த வீடு மாதிரி. சனிக்கிழமை தமிழ், பிறகு கணக்கு ரியூசன், ஞாயிற்றுக்கிழமை நடனம், மிருதங்கம். நான் தமிழ்ப் பாடசாலை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளை காரில் நித்திரை. எழுப்பி, முகம் துடைத்து, இறக்கி விடுகிறோம். மாலையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தினை புள்ளி?" இண்டைக்கு என்ன அறிஞ்சனி, எது விருப்பமாய் இருந்தது எண்டு கேட்கிறது குறைவு.

நான் பெற்றோரைக் குறை சொல்ல வரவில்லை. ஏன் இப்படி ஓடுகிறோம் என்றும் எனக்குத் தெரியும். அதற்கும் இந்த வேரிலேயே ஒரு சொல் இருக்கிறது. 'ப்ரோலெஸ்' என்றால் இலத்தீனில் பிள்ளைகள், சந்ததி. வேர் அதே 'அல்' தான். அதிலிருந்து 'ப்ரோலெட்டாரியுஸ்'. ரோமில் சொத்துக் கணக்கு எடுக்கும்போது காணி, பணம், ஆயுதம் ஒன்றும் எழுத இல்லாதவன், நாட்டுக்குப் பிள்ளைகளை மட்டுமே கொடுக்கக்கூடியவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைத்தான் தொழிலாளருக்கு எடுத்துப் பாவித்தார்கள். நாங்கள் தமிழில் பாட்டாளி என்கிறோம். வீடு வளவை விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கிய எங்கள் கதையை ரோமர்கள் எங்களுக்கு முந்தியே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. எழுத ஒன்றுமில்லாத எங்கள் பத்திரத்தில் பிள்ளைகளின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் டொக்டர், எஞ்சினியர் என்று எழுதத் துடிக்கிறோம்.

அந்தத் துடிப்பில் ஒரு வசனம் எங்கள் வாயில் வந்துவிடுகிறது. "உனக்காகத்தான் நாங்கள் இந்தக் குளிரிலை மாடாய் உழைக்கிறம்." உண்மைதான். நானும் இரவு வேலை முடிந்து வந்து காலையில் தூங்குகிறவன். ஆனால் அந்த வசனத்தைத் தினமும் கேட்கிற பிள்ளைக்கு அது ஒரு கடன் சீட்டு. தனக்கு விருப்பமான படிப்பை, விருப்பமான தொழிலைக் கேட்க வேண்டுமானால் முதலில் சாப்பாட்டுச் செலவைக் கட்டி முடிக்க வேண்டும் என்று அது நினைக்கும். அந்த இடத்தில்தான் ட்ராஜனின் பதில் எனக்கு நினைவு வருகிறது. பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர், அடிமைகளை வைத்திருந்த ஒரு அரசனுக்குக்கூட இது விளங்கியிருக்கிறது: வளர்த்த சோற்றின் விலையை வைத்து ஒருவனுடைய சுதந்திரத்துக்கு விலை பேசக் கூடாது.

பிள்ளைகள் எங்களுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. இங்கே முன்வரிசையில் இருக்கிற இளம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தக் கல்லறைக் கற்களில் ஒரு பகுதி, வளர்ந்தவர்கள் தாங்களாக விரும்பி வளர்த்தவருக்கு வைத்தவை. ஒருவரும் வந்து கணக்குக் கேட்கவில்லை. அன்பாக ஊட்டினால் பிள்ளை அதை மறக்காது. பற்றுச்சீட்டு நீட்ட வேண்டியதில்லை.

எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, சம்பளம் இல்லாமல் அல்லது பேருக்குச் சம்பளத்தோடு வந்து நிற்கிறீர்கள். உங்கள் முன்னால் இருக்கிற பிள்ளை 'ழ' வராமல் திணறலாம். ஆனால் அவன் ஏற்கனவே டொச், ஆங்கிலம் என்று இரண்டு மொழியில் யோசிக்கிற பிள்ளை. அவனுக்குள்ளே வேண்டிய அளவு வெளிச்சம் இருக்கிறது. அவனுக்கு வேண்டியது ஊட்டம். ஒரு கதை, ஒரு பாட்டு, ஊரில் மழை பெய்தால் எப்படி மணக்கும் என்ற ஒரு பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாக, பசி அறிந்து.

இன்று பொங்கலும் பலகாரமும் செய்து எடுத்து வந்திருக்கிற தாய்மாரே, உங்களைப் பார்த்து ஒரு பிள்ளை "அம்மா, அலும்னுஸ் எண்டால் என்ன?" என்று கேட்டால், அவனுடைய கையில் ஒரு பயற்றம் பலகாரத்தைக் கொடுத்து, "நீதான்ரா" என்று சொல்லுங்கோ.

பிறந்திருக்கும் இந்தப் புத்தாண்டில் எங்கள் பிள்ளைகள் நல்லாய் உண்டு, நல்லாய் உறங்கி, நல்லாய்ப் படித்து வளர வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.